உள்ளிருந்து திறக்கும் கதவு



சென்ற கோடை விடுமுறையில் என் பெயரன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். ஏழு வயதுச் சிறுவன். ஒருநாள் பிற்பகலில் அவன் குளிர்பதனப் பெட்டியின் மேற்கதவைத் திறந்து, பனிக்கட்டித் தட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினான். சாத்திய மறுகணமே வேறொன்றும் எடுக்க வேண்டும் என்று தோன்றிற்றுப் போலும். மீண்டும் கதவைப் பற்றி இழுத்தான். அது வரவில்லை. இரு கைகளாலும் இழுத்தான். ஒரு காலைப் பெட்டியின்மீது ஊன்றிக்கொண்டும் இழுத்துப் பார்த்தான். பிறகு என்னிடம் ஓடிவந்து, "தாத்தா, உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்!" என்றான்.

நான் நகைத்தேன். "நூறு வரை எண்ணிவிட்டுப் பின் இழுத்துப் பார், அப்பா" என்றேன். அவன் எண்ணினான், எழுபதுக்கு மேல் சற்று விரைவாகவே எண்ணினான். கதவு எளிதில் திறந்துகொண்டது.

இதன் காரணம் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. கதவைத் திறக்கும்போது உள்ளிருந்த குளிர்ந்த காற்று கீழே வழிந்துவிட, வெளியிலுள்ள வெப்பக் காற்று உள்ளே புகுகிறது. கதவைச் சாத்தியவுடன் அக்காற்றுக் குளிர்ந்து சுருங்கத் தொடங்குகிறது; உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டலமோ முன்போலவே கதவை அழுத்திக்கொண்டிருக்கிறது. இது எவ்வளவு பெரிய விசை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் வளிமண்டலம் செலுத்தும் விசை ஏறத்தாழ 5,000 கிலோகிராம் எடைக்குச் சமம். உள்ளிருந்தும் அதே அளவு விசை எதிர்ப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். வேறுபாடு 50 கிலோகிராம் எடை ஆகிவிடும். கைப்பிடி கீலுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பதால், நெம்புகோல் விதிப்படி அதில் பாதி விசையால் நாம் இழுக்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவதற்கு ஒப்பான காரியம் அது. நூற்றில் ஒரு பங்கு அழுத்தம் குறைவதற்கு, அடைபட்ட காற்று மூன்று பாகை குளிர்ந்தாலே போதுமானது. ஏழு வயதுப் பிள்ளை காலை ஊன்றி இழுத்தும் வராததில் வியப்பில்லை அன்றோ? ஓரிரு நிமிடம் பொறுத்தால், நுண்ணிய இடுக்குகள் வழியாக வெளிக்காற்றுக் கசிந்து சென்று அழுத்தத்தைச் சமமாக்கிவிடும். பிறகு கதவு வழக்கம்போல் திறக்கும்.

நெடுநேரம் காத்திருந்தும் திறவாவிட்டால் காரணம் வேறு. கதவைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு விளிம்பு இருக்கிறது; பழுதுபார்ப்போர் அதனைக் கேஸ்கெட் என்பர். பாலோ சர்க்கரைப் பாகோ அதன்மேல் சிந்திக் காய்ந்திருந்தால், அது பசைபோல் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் தோய்த்து, விளிம்பின் மடிப்புகளைத் துடைத்து, ஈரம் போக உலர்த்திவிட்டால் சரியாகிவிடும். விளிம்பில் நீர் உறைந்து பனிக்கட்டியாகப் பிடித்திருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அது உருகும்வரை காத்திருப்பதே வழி. கத்தியையோ திருப்புளியையோ கொண்டு நெம்பலாகாது. நெம்பினால் விளிம்பு கிழியும். கிழிந்த விளிம்பு குளிரை வெளியே விடும்.

இவ்வளவுதான் பழுது, இவ்வளவுதான் பரிகாரம். ஆயினும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. "உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அச்சிறுவன் சொன்ன சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டிக்குள் மெய்யாகவே ஒருவர் இருந்த காலம் ஒன்று உண்டு. உள்ளே இருந்தவரும் அவன் வயதினரே. சிலர் அவனினும் இளையவர். அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது திறக்கவில்லை. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உணவைக் குளிரில் வைத்துக் காக்கும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ரெஃப்ரிஜிரேட்டர் என்ற பெயரை வழங்கியவர் அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மூர் என்னும் விவசாயி. தம் வெண்ணெயை உருகாமல் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்காக, தேவதாரு மரத் தொட்டிக்குள் ஒரு தகரப் பாத்திரத்தை வைத்து, இரண்டிற்கும் இடையே பனிக்கட்டியை நிரப்பி, வெளியே முயல்தோலைப் போர்த்தினார். 1803இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பனிக்கட்டி அந்நாளில் இயந்திரத்தில் விளைந்த பொருளன்று. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் அதனை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833இல் கல்கத்தாவுக்கே அனுப்பினார். பின்னர் சென்னைக்கும் அது வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அப்பனிக்கட்டியை வைத்துக் காத்த கிடங்கு. 1897இல் விவேகானந்தர் தங்கியமையால் இப்போது அவர் பெயரால் அக்கட்டடம் வழங்குகிறது. கடற்கரைச் சாலையில் செல்வோர் அதனைக் காணாமல் இருக்க இயலாது. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, ஓர் அமெரிக்க ஏரியின் பனி அங்கே கிடந்து உருகியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க இல்லங்களில் பனிக்கட்டியை வைத்துக்கொள்ள மரப்பெட்டிகள் இருந்தன. குளிர் வெளியேறாதிருக்க வேண்டுமாயின் கதவு இறுகப் பொருந்த வேண்டும். ஆதலால் அக்கதவுகளுக்கு உலோகத் தாழ்ப்பாள்கள் அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மின்சாரத்தால் இயங்கும் பெட்டிகள் வந்தன. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட பெட்டி பெரும்புகழ் பெற்றது. மரம் போய் எஃகு வந்தது. பனிக்கட்டி போய் இயந்திரம் வந்தது. தாழ்ப்பாள் மட்டும் போகவில்லை. முன்னினும் வலிமை பெற்றது என்றே சொல்ல வேண்டும்.

அத்தாழ்ப்பாளை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக்காக நான் தங்கியிருந்த ஊரில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே, பழைய மோட்டார் வண்டியின் கதவுப்பிடி போன்ற கனத்த கைப்பிடியுடன் ஒரு வெண்ணிறப் பெட்டி நின்றது. கடைக்காரர் கைப்பிடியை இழுக்கும்போது 'டக்' என்ற ஓசை எழும். சாத்தும்போது அதனினும் பெரிய ஓசை எழும். கதவின் ஓரத்திலிருந்து ஓர் உலோக நாக்கு நீண்டு, பெட்டியின் சட்டத்தில் உள்ள கொக்கியில் சென்று மாட்டிக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால்தான் நாக்குப் பின்வாங்கும். கைப்பிடி இருப்பது வெளிப்புறம். உட்புறத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. வழவழப்பான தகடு மட்டுமே. தக்காளிப் பழத்திற்கும் பால் பாத்திரத்திற்கும் உள்ளிருந்து கதவைத் திறக்கும் தேவை ஏது? அதனை அமைத்தவர் அப்படி எண்ணியதில் அவரைக் குறைகூற முடியாது.

அப்பெட்டியின் நற்குணங்கள் மூன்று. காற்றுப் புகாதபடி அது மூடிக்கொள்ளும். அதன் சுவர்கள் வெப்பத்தைக் கடத்தாத பொருளால் தடித்தவை. தாழ்ப்பாளோ தானாகவே விழுந்து மாட்டிக்கொள்ளும், பூட்ட வேண்டியதில்லை. இம்மூன்றையும் ஒரு சிறு குழந்தை உள்ளே இருக்கும் நிலையில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். காற்று வாராது. கூக்குரல் தடித்த சுவரைத் தாண்டிக் கேளாது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

பெட்டி சமையலறையில் இருந்தவரை ஆபத்துக் குறைவு. உள்ளே தட்டுகளும் உணவும் நிறைந்திருக்கும், தாயும் அருகில் இருப்பாள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க மக்கள் புதிய பெட்டிகளைப் பெருவாரியாக வாங்கினர். பழையவை கொல்லைப்புறத்திலும் தாழ்வாரத்திலும் குப்பை மேட்டிலும் வெற்று மனைகளிலும் போடப்பட்டன. தட்டுகளை நீக்கிய பெட்டி ஒரு சிறு வீடுபோலத் தோன்றும். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த மறைவிடம் ஏது? ஒளிந்தனர். கதவைத் தாமே இழுத்துச் சாத்திக்கொண்டனர். சில நேரங்களில் இரண்டு மூன்று குழந்தைகள் ஒன்றாகவே உள்ளே போனார்கள். பெற்றோர் ஊரெல்லாம் தேடினர், குளத்தைத் தேடினர், கொல்லையில் கிடந்த பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் வெகுநேரம் கழித்தே பலருக்குத் தோன்றியது.

இத்தகைய செய்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன. எறியும் பெட்டியின் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று பல மாநிலங்களும் நகரங்களும் சட்டம் இயற்றின. அது நல்ல சட்டம்தான். ஆனால் எறிபவர் ஒவ்வொருவரும் நினைவு வைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தால்தான் அதனால் பயன் விளையும். நாற்பது ஆண்டுக் காலம் பள்ளியில் சுற்றறிக்கை அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒவ்வொருவரும் நினைவு வைத்துக்கொள்வது என்பது நடவாத செயல்.

ஆகவே அமெரிக்கக் காங்கிரஸ் வேறு வழியை நாடிற்று. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் குளிர்பதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அப்போது ஐசனோவர் குடியரசுத் தலைவர். மிகச் சிறிய சட்டம் அது. மாநிலம் விட்டு மாநிலம் விற்பனைக்குச் செல்லும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஒவ்வொன்றும், கதவை உள்ளிருந்து திறக்கக்கூடிய அமைப்பைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வமைப்புக்குரிய தரத்தை ஓராண்டுக்குள் வகுத்து வெளியிடும்படி வணிகத் துறைச் செயலர் பணிக்கப்பட்டார். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளுக்குப் பிறகு செய்யப்படும் பெட்டிகள் அனைத்தும் அத்தரத்திற்கு உட்பட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. உள்ளிருந்து திறக்கும் அமைப்பு என்றால் எத்தகைய அமைப்பு? ஒரு பொத்தானா? ஒரு கயிறா? ஒரு குமிழா? இருளில், அச்சத்தில், இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? தள்ளுமா, இழுக்குமா, உதைக்குமா, அழுமா? இதைப் பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து ஊகித்துச் சொல்ல முடியாது. பொறியியலறிஞருக்கும் இது தெரியாது.

அறிவதற்கு ஒரே வழிதான் இருந்தது. கூட்டரசின் குழந்தைகள் நலப் பணியகத்தைச் சேர்ந்த மருத்துவர் காதரின் பெயின் என்னும் அம்மையாரும், மேரியன் ஃபேக்ரே என்னும் அம்மையாரும், ராபர்ட் வைலி என்பவரும் அதனை மேற்கொண்டனர். குளிர்பதனப் பெட்டியைப் போன்ற அடைப்பு ஒன்றைத் தனியே செய்வித்து, 2 முதல் 5 வயது வரையுள்ள 201 குழந்தைகளை, ஒவ்வொருவராக அதற்குள் விட்டுக் கதவைச் சாத்தி, அவர்கள் செய்வதைக் கவனித்தனர். ஆறு வகைத் திறப்பு அமைப்புகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, குழந்தைகளின் செயலைப் பார்த்துப் பார்த்து ஆய்வின் நடுவிலேயே உருவாக்கப்பட்டவை. முடிவுகள் 1958இல் குழந்தை மருத்துவத்திற்குரிய ஓர் ஆய்விதழில் வெளியாயின.

அக்கட்டுரையில் உள்ள எண்களை நிதானமாகக் கேளுங்கள். நூற்றுக்கு 24 குழந்தைகள் வெளிவர முயற்சியே செய்யவில்லை, அல்லது மிகச் சிறிதே செய்தனர். 39 பேர் நோக்கத்தோடு முயன்றனர். 37 பேர் வேகமாகக் கைகால்களை வீசிப் போராடினர். தள்ளினால் திறக்கும் கதவைத் தள்ளிப் பார்த்தவர் 61 பேரே. கையில் பற்றக்கூடிய ஒரு பொருளைக் கதவில் பொருத்தி வைத்தபோது, 18 பேர் அதனை இழுத்தனர். 9 பேர் தள்ளினர். 40 பேரோ கதவுக் குமிழைத் திருகுவதுபோல் திருகினர். தம் வீட்டுக் கதவில் அவர்கள் கற்றிருந்தது அதுதான்.

இன்னொரு முடிவு எனக்கு வியப்பைத் தந்தது. பெற்றோர் இருவரும் சேர்ந்து பெற்றிருந்த கல்வி ஆண்டுகள் குறைவாக உள்ள குழந்தைகளே மிகுதியாகத் தப்பி வெளிவந்தார்களாம். வாழ்நாள் முழுவதும் கல்வித் தொழிலில் இருந்தவனுக்கு இது சற்றே கசப்பான செய்தி. காரணம் ஆயிரம் இருக்கலாம். நான் அதற்குள் புகவில்லை.

என்னை மிகவும் வருத்திய எண் வேறு. அடைபட்ட 2 வயதுக் குழந்தைகளுள் குரல் எழுப்பாதவர் நூற்றுக்கு 6 பேர். 5 வயதுக் குழந்தைகளுள் குரல் எழுப்பாதவர் நூற்றுக்கு 50 பேர். வயது ஏற ஏற அறிவு வளர்கிறது, பேச்சு வளர்கிறது என்று நாம் கற்பிக்கிறோம். ஆனால் பேசத் தெரிந்த குழந்தைகளுள் பாதிப் பேர் இருளில் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று அக்கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விடை எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஆறு வயது இருக்கும். என் பாட்டனார் வீட்டில் நெல் வைக்கும் பத்தாயம் ஒன்று இருந்தது. அறுவடைக்கு முந்திய மாதங்களில் அது வெறுமையாக இருக்கும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒருநாள் நான் அதற்குள் இறங்கினேன். மூடி சரிந்து விழுந்தது. அதன் நாதாங்கி தானாகவே வளையத்தில் விழுந்துவிட்டது. உமியின் தூசு மூக்கில் ஏறிற்று. மூடியைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. நான் கத்தவில்லை. முதலில், கத்தினால் ஆட்டத்தில் பிடிபட்டுவிடுவேன் என்று எண்ணினேன். பிறகு, பத்தாயத்தில் இறங்கியதற்குப் பாட்டனார் அடிப்பாரே என்று அஞ்சினேன். அதற்குப் பிறகு, கத்த வேண்டும் என்ற நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் தமக்கையார் தற்செயலாக வந்து நாதாங்கியை நீக்கினார். பத்தாயம் பழையது; பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடுக்குகள் இருந்தன. அதனால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அது காற்றுப் புகாத எஃகுப் பெட்டியாக இருந்திருப்பின், ஆட்டத்தில் நான் பிடிபட்டே இருக்க மாட்டேன்.

பிற்காலத்தில் நான் ஆசிரியனாகி, பின் தலைமையாசிரியனாகி, அரவம் செய்யாத பிள்ளைகளை எத்தனையோ முறை பாராட்டியிருக்கிறேன். வகுப்பில் கடைசி வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் சிறுவனைக் காட்டி, "இவனைப் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு!" என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் ஒழுங்கினால் அமர்ந்திருந்தார்கள், எத்தனை பேர் வேறு காரணத்தால் அமர்ந்திருந்தார்கள் என்று அன்று நான் ஆராயவில்லை.

குழந்தைகளை இருட்டறையில் அடைத்துப் பார்ப்பது முறையா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலோர் உள்ளே இருந்தது சிறிது நேரமே. நான்கில் மூன்று பங்கினர் 3 நிமிடத்திற்குள் வெளியே வந்துவிட்டனர் அல்லது வெளியே எடுக்கப்பட்டனர். நான்கில் ஒரு பங்கினர் 10 விநாடிக்குள்ளேயே. வெளியே வந்தபோது மூன்றில் ஒரு பங்கினர் கலங்காமல் இருந்தனர்; ஏறத்தாழப் பாதிப் பேர் கலங்கினாலும் எளிதில் தேறினர்; நூற்றுக்கு 11 பேருக்கு அமைதியடையச் சிறிது உதவி தேவைப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின் ஆய்வாளர் தாய்மாரைக் கண்டு பேசி, பிள்ளைகளின் நடத்தையில் ஏதேனும் தீங்கு நேர்ந்ததா என்றும் விசாரித்தனர். பெரும்பான்மையோர்க்குத் தீங்கில்லை. ஆயினும் அந்த 11 பேரை நான் எளிதில் மறக்க மாட்டேன். இக்காலத்தில் இத்தகைய சோதனைக்கு எந்த ஆய்வுக் குழுவும் அவ்வளவு எளிதில் ஒப்புதல் தராது. தராதிருப்பதே சரி என்றும் நினைக்கிறேன். அதே நேரத்தில், அந்த 201 குழந்தைகள் சில நிமிடம் இருளில் இருந்ததனால்தான், குழந்தைகள் தள்ளுவார்கள் அல்லது திருகுவார்கள், பொத்தானைத் தேட மாட்டார்கள் என்பது உலகிற்குத் தெரிந்தது. இரண்டும் உண்மை, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க என்னால் முடியவில்லை.

வகுக்கப்பட்ட தரம் இதுதான்: கதவின் உட்புறத்தில், தாழ்ப்பாள் இருக்கும் ஓரமாக 15 பவுண்டு விசையால் தள்ளினால், அதாவது 7 கிலோகிராம் எடைக்குச் சற்றுக் குறைந்த விசையால் தள்ளினால், கதவு திறக்க வேண்டும். அல்லது கதவுக் குமிழைப் போன்ற ஒன்றை உள்ளே வைத்து, எந்தப் பக்கம் திருகினாலும் திறக்கும்படி செய்ய வேண்டும். தள்ளுவோர்க்கும் திருகுவோர்க்கும் இவ்வாறு வழி கிடைத்தது.

காந்தத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது வேறொரு திசையிலிருந்து வந்தது. ஹாலந்து நாட்டில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், இரும்பு ஆக்சைடையும் பேரியத்தையும் சேர்த்துச் சுட்ட ஒரு மலிவான காந்தப் பொருளை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். அதனைத் தூளாக்கி ரப்பருடனோ பிளாஸ்டிக்குடனோ கலந்தால், நாடாவைப் போல் வளையும் காந்தம் கிடைத்தது. அந்நாடாவைக் கேஸ்கெட்டின் மடிப்புக்குள் செருகிவிட்டால், கதவு நான்கு புறமும் எஃகுச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். பழைய தாழ்ப்பாள் ஓரிடத்தில் மட்டும் அழுத்தியது. காந்தமோ விளிம்பு முழுவதும் பற்றிக்கொண்டது. குளிர் கசிவது குறைந்தது. செய்வதும் எளிது. குழந்தையின் கை தள்ளினாலும் விட்டுக்கொடுக்கும். 1950களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் தாழ்ப்பாள் மறைந்து, காந்தக் கதவு எங்கும் பரவிற்று. குழந்தையைக் காக்கும் அமைப்பும் உற்பத்தியாளருக்கு ஆதாயமான அமைப்பும் ஒன்றாகவே அமைந்தது நற்பேறு. எல்லாச் சட்டங்களுக்கும் இத்தகைய பேறு வாய்ப்பதில்லை.

நம் நாட்டில் குளிர்பதனப் பெட்டி செய்யத் தொடங்கியதும் அதே 1958இல்தான். தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1897 முதல் பூட்டுத் தொழிலில் பெயர் பெற்றது என்பது ஒரு விந்தை. நம் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் சாவியிட்டுப் பூட்டும் சிறு பூட்டு ஒன்று இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கும் பழைய தாழ்ப்பாளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சாவியை யாரேனும் திருப்பினால்தான் அது பூட்டும். கதவு சாத்தியவுடன் தானாக விழாது.

சட்டம் வந்தவுடன் மரணங்கள் நின்றுவிடவில்லை. 1958க்கு முன் செய்த பெட்டிகள் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. அவை ஒவ்வொன்றாகக் கழித்தெறியப்பட்டபோதெல்லாம் பழைய ஆபத்தும் கூடவே வெளியே வந்தது. காலம் செல்லச் செல்லத்தான் அப்பெட்டிகள் அருகின. கலிபோர்னியா மாநிலத்தில் 1960 முதல் 1981 வரையிலான குழந்தை மரணங்களை ஆராய்ந்தோர், பெட்டிக்குள் சிக்கி இறப்பது குறைந்து வந்ததைக் கண்டனர். ஆயினும் காந்தக் கதவையும் முழுதும் நம்பிவிடக் கூடாது. சாய்ந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பெட்டியின் கதவு எந்தக் காந்தத்தாலும் திறவாது. கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று சிலர் வெளியே கொண்டியும் நாதாங்கியும் அடித்து மாட்டுகின்றனர். அறியாமலே 1956க்கு முந்திய பெட்டியை அவர்கள் மீண்டும் செய்கின்றனர். புதிய கேஸ்கெட் மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிதன்று.

பெயரன் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், என் பழைய பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து சுருள்வில் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, அவனையே இழுக்கச் சொன்னேன். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்து இழுத்தபோது, முள் 3 கிலோகிராமைத் தாண்டியதும் கதவு விட்டுக்கொடுத்தது. மூன்று முறை இழுத்து மூன்று அளவையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். உள்ளிருந்து தள்ளினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டான். ஏறத்தாழ அவ்வளவேதான் என்றேன். "அப்படியானால் என்னாலும் முடியும்" என்றான். முடியும் என்றேன், ஆனால் உள்ளே போகாதே என்றும், எங்கேனும் அடைபட்டால் ஆட்டமானாலும் சரி, அடி விழுமானாலும் சரி, உரக்கக் கத்து என்றும் சொன்னேன். கத்திக் காட்டும்படி கேட்டேன். அவன் கத்தியதில், அடுத்த வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று வாசலுக்கே வந்துவிட்டார்கள்.